வினைபுரியாத எண்ணெய்

டிசம்பர் 18, புதன்

ஓசூரில் பனி இறங்கிவிட்டது. ஸ்கூட்டர் உதைத்து உதைத்துத்தான் கிளம்பியது.

இன்றிலிருந்து எனக்கு உற்பத்திப் பிரிவில் வேலை இல்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு மேசையும் ஒரு தராசும் மாதிரி பாட்டில்கள் அடுக்கும் அலமாரியும் தந்திருக்கிறார்கள். உற்பத்தி மேலாளர் நாற்காலியில் ஞானசேகர் உட்கார்ந்திருக்கிறான். பயிற்சிக்கு வந்த நாளில் பிப்பெட்டை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குக் காட்டியவன் நான். இன்று எழுந்து நின்று, "டாக்டர் சார், உங்க ஆசீர்வாதம் வேணும்" என்றான். நல்லா இரு என்றேன்.

வேறொன்றும் தோன்றவில்லை. மதியம் தயிர்சாதம்.

டிசம்பர் 20, வெள்ளி

கூட்டம். சாயப்பொருளுக்கான மூலப்பொருள் செய்யும் ஆலை எங்களுடையது. பெரிய கலனில் எண்ணெயை ஊற்றி, கலக்கியைச் சுழலவிட்டு, மேலிருந்து ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். கலனைச் சுற்றியுள்ள ஜாக்கெட் என்ற உறைக்குள் தண்ணீர் ஓடும். உள்ளே ஐம்பது டிகிரி இருக்க வேண்டும். அந்த ஐம்பது நான் கண்டுபிடித்தது. ஒரு கோடைகாலம் முழுக்கச் சிறு குடுவைகளில் செய்து பார்த்து முடிவு செய்தேன். ஐம்பதில் புகை வரும், கண் எரியும். அது தெரிந்ததுதான்.

போன மாதம் கலனில் வேலை செய்யும் மாதப்பன் அந்தப் புகையில் மயங்கி விழுந்தான். அதனால் ஞானசேகர் உறைத் தண்ணீரைக் குளிர்விக்கும் புதிய சில்லர் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். இனி இருபது டிகிரியில் ஆசிட் விடுவார்களாம். "குளுமையா இருந்தா ரியாக்ஷன் மெதுவா போகும், மெதுவா போனா சேஃப்டி. பத்தாங்கிளாஸ் பையனுக்கே தெரியும்" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் கையைத் தூக்கினேன். "குளிர வச்சா என்ன ஆகும்னா..." என்று ஆரம்பித்தேன்.

"டாக்டர் சார், கிளாஸ் வேணாம். சாயந்திரம் டீ குடிச்சுக்கிட்டே எடுங்க, எல்லாரும் வந்து உக்காந்துக்கறோம்" என்றான். சிரித்தார்கள். கேலியாகச் சொல்லவில்லை என்று காட்ட என் தோளைத் தட்டினான். அந்தத் தட்டலை நான் மறக்கப் போவதில்லை.

கையை இறக்கினேன். இனி யாராவது கேட்டால் சொல்வேன். கேட்காதவர்களுக்குச் சொல்லிச் சொல்லித்தான் இந்த வயதுக்கு இந்த மேசைக்கு வந்திருக்கிறேன்.

டிசம்பர் 23, திங்கள்

இருபது டிகிரியில் முதல் தொகுதி, அதாவது பேட்ச். கலனைப் பார்த்துக்கொள்ளும் திம்மராயன் மாதிரி பாட்டிலோடு வந்தான். முகத்தில் கல்யாணக் களை.

"சார், இன்னிக்குக் கண்ணே எரியல. ஊட்டி மாதிரி இருக்குது. சம்சாரத்தக் கூட்டியாந்து சுத்திக் காட்டலாம்னு இருக்கறேன். செலவில்லாத ஹனிமூன்."

"ஆசிட் விட்டு முடிச்சதும் எடுத்ததா?"

"ஆமா சார், சுடச்சுட. சுடச்சுட இல்ல, ஜில்லுன்னு."

மாதிரியை ஐஸ் தண்ணீரில் கொட்டி வினையை நிறுத்தினேன். வினைபுரிந்தது அடியில் மஞ்சள் தூளாகப் படியும். வினைபுரியாத எண்ணெய் மேலே மிதக்கும். ஐம்பது டிகிரியில் மேலே மிதப்பது கண்ணாடியில் ஒட்டிய கோடு போலத்தான் இருக்கும். இன்று ஒரு விரல் அகலத்துக்கு நின்றது.

பத்து டிகிரி குறைந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். முப்பது குறைந்தால் எட்டில் ஒரு பங்கு. ஆசிட் மட்டும் பழைய வேகத்திலேயே விழுந்துகொண்டிருக்கிறது. ஐம்பதில் விழுந்த சொட்டு விழுந்த உடனே வேலையை முடித்துவிடும். இருபதில் அது எண்ணெயின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். அடுத்த சொட்டும் உட்காரும். வினை மெதுவாக நடக்கவில்லை, தள்ளிப்போகிறது. ஆசிட் முழுக்க உள்ளே போன பிறகு மெல்லச் சூடேற்றி முடிக்கிறார்கள். சில்லர் அருகிலேயே இருந்து அடக்குகிறது. கடைசியில் சரக்கு சுத்தமாகத்தான் வருகிறது. நான் கையெழுத்திட வேண்டிய படிவத்தில் கடைசிச் சரக்கைப் பற்றி மட்டுமே கேட்டிருக்கிறார்கள். சரி என்று எழுதினேன்.

பாட்டிலில் தேதி எழுதி அலமாரியில் வைத்தேன். சாயந்திரம் ஞானசேகர் அறைக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தான். முதல் தொகுதி நன்றாகப் போனதாம். மாதப்பனின் அம்மா போன் செய்து தன்னை வாழ்த்தினாளாம். டீயில் சர்க்கரை அதிகம்.

டிசம்பர் 27, வெள்ளி

பனி கூடியிருக்கிறது. கலன் இருபதுக்கும் கீழே போகிறது. எண்ணெய் ஒன்றரை விரல்.

டிசம்பர் 29, ஞாயிறு

மனைவி கோமதி பெங்களூருவுக்குப் போய்விட்டு வந்தாள். ஹேமாவுக்கு ஏழாம் மாதமாம். நான் கேட்கவில்லை. சாம்பார் ஊற்றிக்கொண்டே அவளாகச் சொன்னாள். ஹேமா என் மகள். என்னிடம் கேட்காமல் கல்யாணத்தை முடிவு செய்தாள். நான் போகவில்லை. அதன்பிறகு இந்த வீட்டில் அவள் பெயர் சாம்பாரோடும் ரசத்தோடும்தான் வருகிறது.

என் டாக்டர் பட்ட ஆய்வேட்டை எடுத்துத் தூசி தட்டினேன். வினைவேகம் பற்றி நான் அளந்த அளவுகள். வெளியான கட்டுரையில் என் பெயர் மூன்றாவதாக இருந்தது. முதலில் இருந்தவன் ஒரு நாள்கூட நிறுத்துக்கடிகாரத்தைத் தொட்டதில்லை. நெறியாளர் செத்து வெகுநாள் ஆகிறது. இரங்கல் கூட்டத்துக்கும் போகவில்லை.

எழுதிப் பார்க்கும்போது எதுவும் வலிக்கவில்லை. குளிர்ந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 1, புதன்

ஆலையில் கேக் வெட்டினார்கள். என் துண்டைத் திம்மராயனிடம் கொடுத்தேன். "நீங்க சிரிச்சா கேக்கு, இல்லன்னா வேணாம்" என்றான். கடைசியில் இரண்டு துண்டையும் தின்றான்.

ஜனவரி 4, சனி

எண்ணெய் இரண்டு விரலைத் தாண்டிவிட்டது. பாட்டில்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் மேலே இருக்கும் பட்டை இடமிருந்து வலமாகத் தடிக்கிறது. கண் உள்ள எவனுக்கும் தெரியும். ஆய்வுக்கூடக் கதவு திறந்துதான் இருக்கிறது.

ஞானசேகர் ஒரு முறை உள்ளே வந்தான். காலண்டர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஜனவரி 7, செவ்வாய்

பேப்பரில் மின்தடை அறிவிப்பு. மாதாந்திரப் பராமரிப்பு, சனிக்கிழமை காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து வரை. எங்கள் தொழிற்பேட்டையின் பெயரும் இருக்கிறது.

பொங்கலுக்கு முன் அனுப்ப வேண்டிய சரக்கு இருப்பதால் சனிக்கிழமையும் தொகுதி ஓடும். ஆறு மணிக்கு ஆசிட் ஆரம்பித்தால் ஒன்பதுக்கு முடியும். ஜெனரேட்டர் கலக்கியையும் விளக்கையும் தாங்கும். புதிய சில்லரைத் தாங்காது. வாங்கும்போது யாரும் அதைக் கணக்குப் பார்க்கவில்லை. கரண்ட் வரும்வரை சூடேற்றாமல் அப்படியே வைத்திருப்போம், குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது என்று ஞானசேகர் சொல்லியிருக்கிறான்.

சில்லர் நின்றால் கலன் மெல்லச் சூடாகும். பத்து டிகிரி ஏறினால் வேகம் இரண்டு மடங்கு. அந்த வேகம் தரும் சூட்டில் அடுத்த பத்து இன்னும் சீக்கிரம் ஏறும். மூன்று மணி நேரத்துக்குப் பங்கிட்டு வரவேண்டிய சூடு சில நிமிடங்களில் வரும். மூடி தாங்காது. கட்டடமும் தாங்குமா என்று தெரியவில்லை.

சனிக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம்: சொந்த வேலை.

ஜனவரி 8, புதன்

கோமதி கேட்டாள். "சனிக்கிழமை லீவாமே. ஆபீஸ்ல போன் பண்ணி உங்க கிட்ட சாங்ஷன்னு சொல்லச் சொன்னாங்க."

"ஆமா."

"என்ன வேலை?"

"ஒண்ணுமில்ல."

"இப்ப யார் மேல கோவம்?"

"யார் மேலயும் இல்ல."

அது பொய்யல்ல. எனக்குள் கை விட்டுத் துழாவினாலும் சூடாக ஒன்றும் தட்டுப்படவில்லை. அவள் சனிக்கிழமை ஹேமா வீட்டுக்குப் போகிறாள். பொங்கலுக்கு அங்கேயே இருப்பாளாம்.

ஜனவரி 9, வியாழன்

பரணிலிருந்து பெரிய பையை இறக்கியிருக்கிறாள். அவளுடைய புடவைகளின் மேல் என் இரண்டு சட்டையும் ஒரு வேட்டியும் மடித்து வைத்திருந்தன. நான் விடுப்பு எடுத்தது அதற்குத்தான் என்று நினைத்திருக்கிறாள். நான் எடுத்து வெளியே வைக்கவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அடை செய்திருந்தாள், வெல்லத்தோடு.

ஜனவரி 10, வெள்ளி

வேலை முடிந்து சைக்கிள் நிறுத்தத்தில் திம்மராயனைப் பிடித்தேன்.

"நாளைக்கு லீவு போடு."

"எதுக்கு சார்?"

"போடுன்னா போடு."

"நான் போட்டா மாதப்பன் வருவான். அவனே இப்பத்தான் எந்திரிச்சு நடமாடறான். அவனயும் போடச் சொல்லட்டுமா?" சிரித்தான். "அப்படியே ஒவ்வொருத்தரா போட்டா கடைசில ஞானசேகர் சாரே வந்து வால்வு திருப்புவாரு. டை எல்லாம் கட்டிக்கிட்டு. நல்லா இருக்கும் சார், போட்டா புடிச்சு வெக்கலாம்."

கலனுக்குப் பக்கத்தில் ஞானசேகர் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். தேவையானதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நினைத்துப் பார்த்தேன்.

"எதுனா பிரச்சனையா சார்?" என்றான் திம்மராயன்.

கேட்டுவிட்டான். யாராவது கேட்டால் சொல்வேன் என்று எழுதியிருக்கிறேன். ஆனால் அது இவன் கேட்பதற்காக எழுதியதல்ல.

"ஒண்ணுமில்ல. பனியா இருக்கு, அதான்" என்றேன்.

"உங்களுக்குத்தான் சார் மப்ளர் வேணும்" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போனான்.

ஜனவரி 11, சனி

ஏழு மணிக்குக் கோமதியோடு பேருந்து நிலையம். பெங்களூரு வண்டி புறப்படத் தயாராக நின்றது. பையை நான்தான் தூக்கினேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பக்கத்து இருக்கையில் கைக்குட்டையைப் போட்டு வைத்தாள். கடையில் டீ வாங்கிக் குடித்தேன். அந்த டீக்கடையில் தொங்கிய பேப்பரில் ஒன்றும் புதிதாக இல்லை. கடைக்காரர், "சீக்கிரம் குடிங்க சார், ஒன்பதுக்குக் கரண்ட் போயிரும், அதுக்குள்ள மாவு ஆட்டணும்" என்று சொன்னார். யாருக்கும் தெரியாத ரகசியம் ஒன்றுமில்லை அது.

ஜன்னலுக்குப் போய், "நீ போ" என்றேன்.

கோமதி கைக்குட்டையை எடுத்து மடித்தாள். "அவ கதவத் திறந்துகிட்டு நிப்பா" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பையிலிருந்து என் சட்டைகளை எடுத்துத் தரக்கூட இல்லை. வண்டி கிளம்பியது.

ஆட்டோவில் ஆலைக்குப் போனேன். ஞானசேகரைப் போனில் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

பாதிக்குமேல் ஆசிட் உள்ளே போயிருந்தது. இருபது டிகிரி. திம்மராயன் கலன் அருகே களி உருண்டை தின்றுகொண்டிருந்தான்.

"ஆசிட்ட நிறுத்து."

"சார், நீங்க லீவு."

"நிறுத்து. ஜாக்கெட்டுக்குச் சுடுதண்ணி திற."

அவன் எழுந்துகொண்டான். "சுடுதண்ணியா? கரண்ட் போற நேரத்துலயா? சார், உங்களுக்கும் அவருக்கும் ஆயிரம் இருக்கட்டும். எங்க மேல ஏன் சார்?"

அவன் அப்படிப் புரிந்துகொண்டதில் தப்பில்லை. விளக்க நேரமும் இல்லை. ஆசிட் வால்வை நானே அடைத்தேன். சுடுதண்ணீர் வால்வில் அவன் கையை வைத்து மறித்தான். விலக்கித் தள்ளினேன். களிப் பாத்திரம் உருண்டது. அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

சில்லர் ஓடும்போதே, உள்ளே தேங்கி நிற்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்ய வைத்துத் தீர்க்க வேண்டும். வேறு வழியில்லை. முப்பது வரை சுடுதண்ணீர். பிறகு அடைத்துவிட்டுக் காத்திருந்தேன். முப்பத்தைந்து. அது தானாக ஏறியது. நாற்பத்திரண்டில் சில்லரைத் திறந்தேன். நாற்பத்தெட்டில் நின்றது. ஐம்பத்திரண்டு போனது, திரும்பி வந்தது. புகை வந்தது. கண் எரிந்தது. அந்த எரிச்சலுக்காக நான் காத்திருந்தேன் என்பது எரியும்போதுதான் தெரிந்தது.

ஞானசேகர் வந்தபோது எட்டரை. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான். "என்ன பண்றீங்க? எத்தன பேரு உள்ள இருக்காங்க தெரியுமா?"

"தெரியும்" என்றேன். "எல்லாரையும் வெளிய அனுப்பு. நீயும் போ."

மற்றவர்களை அனுப்பினான். அவன் போகவில்லை. அதையும் எழுதியாக வேண்டும்.

ஒன்பதுக்குக் கரண்ட் போனது. சில்லரின் இரைச்சல் நின்றது. ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழுந்து கலக்கியைச் சுற்றியது. இரண்டு பேரும் வெப்பமானியின் முள்ளையே பார்த்தோம். நாற்பத்தொன்பது, ஐம்பத்து மூன்று, ஐம்பத்தாறு. ஐம்பத்தாறிலேயே வெகுநேரம் நின்றது. பிறகு இறங்க ஆரம்பித்தது.

ஒன்றும் நடக்கவில்லை.

"பாத்தீங்களா" என்றான் ஞானசேகர். "ஒண்ணும் ஆகல. சும்மா விட்டிருந்தா இந்த அளவுக்குக்கூட ஏறியிருக்காது. நீங்க வந்துதான் ஏத்துனீங்க."

நடக்காததை எந்தப் பாட்டிலில் பிடித்துக் காட்டுவது? காவலாளி கேட் வரை கூட வந்தார்.

ஜனவரி 12, ஞாயிறு

தற்காலிகப் பணிநீக்கம். வாட்ஸ்அப்பில் வந்தது. விசாரணை பொங்கல் முடிந்து வெள்ளிக்கிழமை. அடுத்த தொகுதி அதற்குப் பிந்திய திங்கள், இருபதாம் தேதி, பழையபடி இருபது டிகிரியில்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் வைத்தேன். விளிம்புக்கு வருமுன் அடுப்பை அணைத்துவிட்டேன்.

ஜனவரி 16, வியாழன்

இரண்டு நாளாக ஒரே யோசனை. சொல்லாமல் இருந்தால், பகை காரணமாக அத்துமீறினான் என்று எழுதி என்னை அனுப்பிவிடுவார்கள். அதற்கு நான் பழகியவன். நான் ஒதுங்கிப்போனவர்கள் கணக்கில் இன்னொரு பெயர் சேரும், அவ்வளவுதான். ஆனால் திங்கட்கிழமை கலன் மறுபடி குளிரும். அடுத்த மாதமும் பேப்பரில் அறிவிப்பு வரும்.

நான் செய்தது சரி என்று காட்ட என்னிடம் இருப்பது அலமாரியில் உள்ள பாட்டில்கள் மட்டும்தான். ஒவ்வொன்றிலும் தேதி இருக்கிறது, என் கையெழுத்தில்.

ஜனவரி 17, வெள்ளி

ஞானசேகர், நிர்வாக அதிகாரி, சாட்சியாகத் திம்மராயன். அதிகாரி முதல் கேள்வி கேட்டார். "ஏன் செஞ்சீங்க?"

கேட்டுவிட்டார்கள். எத்தனையோ நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்த பதில் ஒன்று இருந்தது, வகுப்புப் பாடம் மாதிரி, வரைபடங்களோடு. அதைச் சொல்லவில்லை. "ஆய்வுக்கூடத்துக்கு வாங்க" என்றேன்.

பாட்டில்களை மேசையில் வரிசையாக வைத்தேன். அடியில் மஞ்சள், மேலே எண்ணெய். பழைய ஐம்பது டிகிரி பாட்டிலை ஓரத்தில் தனியாக வைத்தேன். "மேல நிக்கறதெல்லாம் ரியாக்ட் ஆகாதது. அதே அளவு ஆசிட்டும் சும்மா காத்துக்கிட்டு இருக்கும். கலன்ல இத இருபதாயிரம் மடங்கா நெனச்சுக்கங்க. சில்லர் நின்னா எல்லாம் ஒண்ணா எந்திரிக்கும்" என்றேன். வேறு எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அதிகாரி ஒரு பாட்டிலை எடுத்துச் சாய்த்துப் பார்த்து, மெதுவாக, மிக மெதுவாக, கீழே வைத்தார். ஞானசேகர் கெட்டிக்காரன். முதல் மூன்று பாட்டில்களிலேயே புரிந்துகொண்டான்.

பிறகு அவன் எண்ணெயைப் பார்க்கவில்லை. தேதிகளைப் பார்த்தான்.

"டிசம்பர் இருபத்திமூணு" என்று வாசித்தான். "அன்னிக்குச் சாயந்திரம் என் ரூம்ல வந்து டீ குடிச்சீங்க சார்."

"குடிச்சேன்."

"சனிக்கிழமைக்கு லீவு கேட்டீங்க. நான்தான் கையெழுத்துப் போட்டேன். பொண்ணப் பாக்கப் போறீங்கன்னு நெனச்சேன்."

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றேன்.

திம்மராயன் கடைசிப் பாட்டிலைக் கையில் எடுத்திருந்தான். ஜனவரி பத்து. சைக்கிள் நிறுத்தத்தில் அவனோடு நின்ற நாள். கட்டைவிரலால் தேதியை ஒரு முறை தேய்த்தான். அழியவில்லை. வைத்துவிட்டு, என்னைத் தாண்டி வெளியே போனான்.

தராசின் கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. போய் மூடினேன்.

ஜனவரி 19, ஞாயிறு

ராஜினாமாவை வாங்கிக்கொண்டார்கள். கேட்டதும் அவர்கள்தான்.

கோமதி திரும்பி வந்தாள். என் இரண்டு சட்டைகளும் துவைத்து இஸ்திரி போட்டு வந்திருக்கின்றன. ஹேமா வீட்டு சோப்பின் வாசனை. "அப்பா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாருன்னு சொன்னேன்" என்றாள். அதற்கு ஹேமா என்ன சொன்னாள் என்று கேட்க வாயெடுத்தேன். ரசத்தை ஊற்றினாள். சாப்பிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

வீட்டில் இருந்தேன். பனி இன்னும் விடவில்லை. ஆசிட் ஆரம்பித்திருப்பார்கள் என்று நினைத்த நேரம் ஒன்று உண்டு. அப்போது துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு மேல் போன் அடித்தது. திம்மராயன். பின்னால் கலக்கியின் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள், மாதப்பனாக இருக்கலாம்.

அவன் எப்போதும் ஒரு வேடிக்கையோடுதான் பேச்சை ஆரம்பிப்பான். நான் காத்திருந்தேன்.

"கண்ணு எரியுது" என்றான். சார் என்று சொல்லவில்லை. வைத்துவிட்டான்.